மண்ணைக் காட்டச் சொன்னார்கள்

1

சித்திரையில் ஒரு மழை விழுந்த பிறகும் உழாமல் கிடக்கிற நிலத்தைப் பார்த்தால் போடிப் பக்கம் என்ன கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். "யாருப்பா அந்த வீட்டுல செத்தது?" என்பார்கள். சாவு விழுந்த வீட்டுக்காரனைத் தவிர வேறு எவனும் நிலத்தை அப்படிப் போட்டு வைக்க மாட்டான் என்பது நம் ஊர் நினைப்பு. இங்கிலாந்தில் அப்படி வாய்விட்டுக் கேட்பதில்லை. ஒரு குச்சியை நட்டு, அதில் மஞ்சள் அட்டையைக் குத்தி வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் தோட்டத்தின் நடுவில் அந்தக் குச்சி நின்றது.

அட்டையில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். நான் அஞ்சாம் வகுப்போடு நிறுத்தியவன், அதுவும் தமிழில். என் பெயர் புரிந்தது. தோட்டத்தின் எண் புரிந்தது. ஈஸ்டர் என்பது புரிந்தது. மற்றதைப் படிக்கச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடம் கொடுத்தேன். கலாவுக்குப் பதினாலு வயது. டெலிவிஷனில் இருந்து பாதிக் கண்ணை எடுத்து அட்டையைப் பார்த்தாள்.

"நீங்க தோட்டத்துல வேலையே செய்யலையாம்ப்பா. ஈஸ்டர் கழிச்சு வர்ற சண்டே கமிட்டி வந்து பாக்குமாம். அதுக்குள்ள தோண்டி ரெடியா வைக்கலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம்."

"வேலையே செய்யலையா? ஐப்பசியில இருந்து அங்க கெடந்து என்ன செஞ்சேன் நான்?"

"எனக்கென்ன தெரியும்? இதுல அப்படித்தான் போட்டிருக்கு."

அடுப்படியில் இருந்து என் மனைவி சரோஜா குரல் கொடுத்தாள். "நான் அன்னைக்கே சொன்னேன்ல. குப்பையக் கொட்டி மூடி வச்சா குப்பைமேடுன்னுதான் நெனப்பாக. ஊர்ல எங்கண்ணன் காட்டுல செஞ்சதையெல்லாம் இங்க வந்து செய்யணுமாக்கும்."

தோட்டம் என்று நான் சொல்வது என் சொந்த இடம் அல்ல. இங்கே வீட்டோடு நிலம் இல்லாதவர்களுக்காக நகராட்சி ஊர் ஓரத்தில் ஒரு பெரிய வயலை நீளநீளத் துண்டுகளாகப் பிரித்து வருட வாடகைக்கு விடுகிறது. அலாட்மென்ட் என்று பேர். வீட்டுக்குக் காய்கறி போட்டுக்கொள்ளலாம், விற்கக் கூடாது. ஒரு துண்டு கிடைப்பதற்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நானும் காத்திருந்துதான் வாங்கினேன்.

சரோஜா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் மதுரையில் படித்து முதலில் இங்கே வந்தாள். எழுபதுகளின் நடுவில் நானும் கைக்குழந்தைப் பருவம் கடந்த கலாவும் பின்னால் வந்து சேர்ந்தோம். அதே ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்க இயந்திரச் சத்தம். சத்தம் நிற்கிற இடைவேளையில் எல்லோரும் பேசுவார்கள், அதற்கு நான் சிரிப்பேன். ஊரிலேயே நாலு பேர் கூடிய இடத்தில் ஓரமாக நிற்கிறவன் நான். இங்கே வந்து பத்து வருடமாகியும் எனக்கு இங்கிலீஷில் உருப்படியாக வருவது 'யெஸ்'சும் 'தேங்க்யூ'வும்தான். வீட்டுக்கு வந்தால் மகள் டெலிவிஷனோடு பேசிக்கொண்டிருப்பாள். இந்த ஊரில் என்னை யாரும் எதுவும் கேட்காத இடம் அந்தத் துண்டு நிலம் ஒன்றுதான். இப்போது அதிலும் கேள்வி வந்துவிட்டது.

2

ஏன் தோண்டவில்லை என்று நீங்களும் கேட்பீர்கள். அதைச் சொல்கிறேன்.

நான் பிறந்தது பள்ளத்தில், அதாவது மலைக்குக் கீழே. போடிக்குக் கிழக்கே கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். உழுது, புரட்டி, கட்டி உடைத்து, மண்ணை வெயிலுக்குக் காட்டினால்தான் விவசாயம் என்று வளர்ந்தவன். எழுபதுகளின் தொடக்கத்தில் கிணறு வற்றியபோது அந்த நிலம் அண்ணன் ஒருத்தருக்கே போதவில்லை. நான் மலைக்கு ஏறினேன். போடிமெட்டுக்கு மேலே என் மச்சான் சுருளி, அதாவது சரோஜாவின் அண்ணன், கொஞ்சம் ஏலக்காட்டைக் குத்தகைக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். விடியற்காலையில் பெண்கள் கூட்டத்தோடு ஜீப்பில் தொங்கிக்கொண்டு போய் இறங்கினேன். தோளில் மம்பட்டி.

மச்சான் என்னைப் பார்க்கவில்லை, மம்பட்டியைத்தான் பார்த்தார்.

"மாப்ளே, அதை எங்கிட்டாவது ஒளிச்சு வையி. ஏலச்செடி பாத்துச்சுன்னா பயந்துரும்."

"வெறுங்கையோட என்ன மச்சான் சோலி பாக்குறது?"

"சருகு அள்ளு."

அவ்வளவுதான் வேலை என்று எனக்குத் தோன்றியது. இதற்கா மலை ஏறினோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது. பிறகுதான் தெரிந்தது. ஏலச்செடியின் வேர் ஆழம் போகாது. தரைக்குச் சற்றுக் கீழே, விரல் விட்டால் தட்டுப்படுகிற மாதிரி படர்ந்து கிடக்கும். கொத்தினால் வேர் அறும். அதைவிட, அது சரிவு. மண்ணைக் கிளறிப் போட்டால் அடுத்த மழையில் அந்த மண் அடிவாரத்துக்குப் போய்விடும். அதனால் மேலே நிற்கிற மரங்கள் உதிர்ப்பதையெல்லாம் செடிக்கு இடையில் முழங்கால் உயரத்துக்குப் பரப்பி வைப்பார்கள். கோடை முழுக்க அதன் அடியில் ஈரம் நிற்கும். மழைக்காலம் நெருங்கும்போது செடியின் தூரில் இருந்து மட்டும் சருகை விலக்கி விடுவார்கள். இல்லாவிட்டால் தூர் அழுகும், தரையோடு படர்கிற பூச்சரத்துக்குத் தேனீ வராது. களை பிடுங்கப் போன பெண்கள் எங்காவது தரையை வெறுமையாக விட்டுவிட்டு வந்தால் மச்சான், "மண்ணைக் காட்டாதீக ஆத்தா, மண்ணைக் காட்டாதீக" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடுவார். அவர்களும் அவர் தலை மறைந்ததும் அதையே அவர் குரலில் கத்திக் காட்டிச் சிரிப்பார்கள்.

ஒரு முறை என் அண்ணன் எங்களைப் பார்க்க மேலே வந்தார். மறுநாள் நானும் மச்சானும் அரிசி வாங்கக் கீழே இறங்கினோம். அண்ணனுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. எங்கேயோ கிடந்த என் மம்பட்டியைத் தேடி எடுத்து, காய் உலர்த்தும் கொட்டகையைச் சுற்றி இருந்த செடிகளுக்கெல்லாம் சருகை ஒதுக்கி, மண்ணைக் கொத்தி, வட்டப் பாத்தி கட்டி வைத்துவிட்டார். நாங்கள் திரும்பி வந்தபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெருமையாக நின்றார்.

மச்சான் சாக்கைக் கீழே போட்டுவிட்டுப் பாத்தியைச் சுற்றி வந்தார்.

"பாத்தி ரொம்ப நல்லாருக்குண்ணே. வாழைக்கா, கரும்புக்கா?"

"ஏய், கிண்டலாக்கும்? உழாமக் கொத்தாம செடியப் போட்டு வச்சிருக்கீக. அதுக்குப் பேரு வெவசாயமா? கொரங்குகூடத்தான் மரத்துக்கு அடியில உக்காந்து காய் பறிக்குது."

"கொரங்கு மம்பட்டி எடுக்காதுண்ணே. அந்தமட்டுக்கு அதுக்கு வெவரம் இருக்கு."

இருவரும் அன்று போட்ட சத்தத்தில் கூலிக்காரர்களின் லைன் வீடுகளில் இருந்த சனமெல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. நான் நடுவில் குனிந்து, மச்சான் போட்ட அரிசிச் சாக்கைத் தூக்கிக் கொட்டகைக்குள் வைத்தேன். அண்ணன் கட்டிய பாத்தியில் அந்த மழைக்குத் தண்ணீர் தேங்கி, செடிகள் மஞ்சளாகி உட்கார்ந்துவிட்டன. ஆனால் அண்ணன் கடைசி வரைக்கும் அது பாத்தியால் வந்த வினை என்று ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் சோம்பேறித்தனம் செடிக்குத் தொற்றியது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

3

இங்கே எனக்குக் கிடைத்த துண்டும் சரிவுதான். வயலின் கடைசியில், ஓடையைப் பார்த்து இறங்குகிற மண். அதனால்தான் வேறு யாரும் எடுக்காமல் எனக்கு வந்தது என்று நினைக்கிறேன். முதல் நாள் அதைப் பார்த்ததும் சரிவின் கீழே போய் நின்று மேலே பார்த்தேன். என் கை தானாகச் சருகைத் தேடியது.

இந்த ஊரில் சருகுக்குப் பஞ்சமில்லை. ஐப்பசியில் தெரு மரங்கள் எல்லாம் கொட்டித் தீர்த்துவிடும். நகராட்சிக்காரர்கள் கூட்டிக் குவித்து வைப்பதைச் சாக்கில் அள்ளினேன். ஆஸ்பத்திரிக்குச் சோப்புத் தூள் வருகிற அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் புல்லின் மேல் விரித்து, அதன் மேல் குதிரைச் சாணம், அதன் மேல் சருகு. அட்டைக்கு அடியில் புல் வெளிச்சம் இல்லாமல் செத்துவிடும், செத்த புல்லும் உரமாகும். மண்வெட்டி தேவையே இல்லை. விதை போடுகிற இடத்தில் மட்டும் கையால் விலக்கிக்கொண்டால் போதும்.

இது மஞ்சள் அட்டை வருவதற்கு முந்தைய வருடக் குளிரில். அதை அடுத்த வசந்தத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றும் மிஞ்சவில்லை.

மலையில் நாங்கள் சருகு போடுவது வெயிலுக்காக. மாசி பங்குனியில் அடிக்கிற வெயில் காய்ச்சலுக்குத் தரையைப் போர்த்தி வைக்கிறோம். இங்கே பங்குனியில் ஏது வெயில்? நான் போட்ட போர்வைக்கு அடியில் மண் ஐஸ்பெட்டி மாதிரி குளிர்ந்து கிடந்தது. விதை முளைக்கவே மாட்டேன் என்றது. முளைத்ததை நத்தை தின்றது. ஓடு இல்லாத நத்தை, ஸ்லக் என்கிறார்கள். வழவழவென்று விரல் நீளத்தில் இருக்கும். சருகைப் புரட்டினால் குடும்பம் குடும்பமாகக் குடியிருந்தது. நான் குளிரெல்லாம் சாக்குச் சாக்காகச் சுமந்து அதற்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தப்பை இந்த ஊர்க்காரன் எவனும் செய்திருக்க மாட்டான். பள்ளத்து விவசாயிகூடச் செய்திருக்க மாட்டான். மலைக்குப் போய்ச் சருகு அள்ளியவன்தான் செய்வான்.

பக்கத்துத் துண்டுக்காரர் ஆர்தர், சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நூல் பிடித்த மாதிரி தோண்டி, கட்டி உடைத்து, சல்லடையில் சலித்த மாதிரி வைத்திருப்பார். அவர் பயிரும் நத்தைக்குத் தப்பவில்லைதான். ஆனாலும் அவருக்கு விளைந்தது. ஒரு முட்டைக்கோஸை அறுத்து வேலிக்கு மேலாக என்னிடம் நீட்டினார். அதில் இரக்கம் இருந்தது. தேங்க்யூ என்றேன். அந்த முட்டைக்கோஸ் எனக்கு இறங்கவில்லை.

இந்த வருடம் யோசித்துத்தான் செய்தேன். சருகு இருக்கட்டும், சரிவில் மண் போகாமல் இருக்க அது வேண்டும். ஆனால் மாசியிலேயே விதைக்கிற வரிசைகளில் மட்டும் முழ அகலத்துக்கு விலக்கிவிட வேண்டும். அந்த இடம் கிடைக்கிற கொஞ்ச வெயிலையும் வாங்கிச் சூடாகும். நத்தைக்கும் வெட்ட வெளியில் வரத் தயக்கமாக இருக்கும். நம் மொச்சைக்கு அண்ணன் மாதிரி ஒரு பெரிய பயறு இங்கே உண்டு, குளிரைத் தாங்கும். அதை முதலில் போட வேண்டும். செடி முழங்கால் அளவு வந்து, வெயிலும் வந்த பிறகு சருகைத் திரும்ப இழுத்துவிட வேண்டும். மலையில் செய்ததைத்தான் மாதத்தை மாற்றிச் செய்கிறேன். சரியாக வருமா என்று எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ள இந்த வசந்தம் வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் மஞ்சள் அட்டை வந்தது. அவர்களுக்கு மண் கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம். தோண்டிய பழுப்பு மண்.

4

தோட்டக் கமிட்டிக்குக் காரியதரிசி ஒரு அம்மாள். வயல் வாசலில் ஒரு மரக் கொட்டகையில் சனிக்கிழமை மட்டும் உட்கார்ந்திருப்பார். எனக்குப் பதிலாகப் பேச கலாவைக் கூப்பிட்டேன். அவளுக்கு வரப் பிடிக்கவில்லை. அவளோடு படிக்கிற பிள்ளைகள் யாராவது அந்த வழியாக வருவார்களாம். என்னோடு, சாணம் ஒட்டிய பூட்ஸோடு, பார்த்துவிடுவார்களாம். சரோஜா அதட்டித்தான் அனுப்பினாள்.

காரியதரிசி அம்மாள் மரியாதையாக உட்கார வைத்தார், டீ கொடுத்தார். ஒரு தடிமனான விதிப் புத்தகத்தை எடுத்து, துண்டு நிலத்தில் முக்கால் பங்காவது தோண்டிப் பண்படுத்தி இருக்க வேண்டும் என்கிற இடத்தைக் கலாவிடம் விரல் வைத்துக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் பேசினேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதே இல்லை. சரிவைச் சொன்னேன், மழையைச் சொன்னேன், ஏலக்காட்டைச் சொன்னேன். போன வருடம் நத்தை தின்றதை மறைக்கவில்லை. இந்த வருடம் எப்படி விலக்கி எப்படி மூடுவேன் என்று கையால் காட்டினேன். கலா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் காரியதரிசியிடம் திரும்பி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அதில் தோண்டுகிற 'டிக்' இருந்தது, 'ஈஸ்டர்' இருந்தது, 'ப்ராமிஸ்' இருந்தது.

"லவ்லி" என்றார் அந்த அம்மாள். புத்தகத்தை மூடினார்.

வெளியே வந்து பஸ்சு நிற்கிற இடத்தில் கேட்டேன். "என்ன சொன்ன?"

"தோண்டிருவீங்கன்னு சொன்னேன்."

"நான் அவ்வளவு நேரம் என்ன சொன்னேன்?"

"அதெல்லாம் சொன்னா அவங்க கொஸ்டின் கேப்பாங்கப்பா. நான் திரும்ப உங்களக் கேக்கணும், நீங்க திரும்ப ஆரம்பிப்பீங்க. இப்ப ஈஸியா முடிஞ்சிருச்சுல்ல?"

"செய்ய மாட்டேங்கிறதச் செய்யுறேன்னு சொல்லிட்டு, முடிஞ்சிருச்சுங்குற."

"தோண்டினாத்தான் என்ன? எல்லாரும் தோண்டுறாங்க. நாம மட்டும் ஏன் எப்பவும் வேற மாதிரியே இருக்கணும்?"

பஸ்சு வந்தது. அவள் முன்னால் போய் உட்கார்ந்தாள். என் பூட்ஸ் நாறும் என்று நான் பின்னால் உட்கார்ந்தேன். ஊரில் அண்ணனும் அவள் சொன்னதைத்தான் வேறு வார்த்தையில் சொன்னார். அங்கே எனக்குப் பதிலாகச் சண்டை போட ஒரு மச்சான் இருந்தார்.

வீட்டில் சொன்னதற்குச் சரோஜா, "பிள்ளை வெவரமாத்தான் பேசியிருக்கா. பேசாம நாலு கொத்துக் கொத்திப் போட்டு வாங்க. வந்து பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் ஒங்க இஷ்டத்துக்கு மூடிக்குங்க" என்றாள். அது நல்ல யோசனைதான். செய்திருக்கலாம். மண்வெட்டியை வாங்கக் கடை வரைக்கும்கூடப் போனேன். வாங்காமல் திரும்பி வந்தேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பொய்க்காகத் தோண்டுவது எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

5

வரிசைகளை மட்டும் விலக்கி, பயறை ஊன்றினேன். ஊன்றிய கையோடு சலவைக் கூடத்தில் ஆள் இல்லை என்று ஒரு வாரம் கூடுதல் வேலை போட்டுவிட்டார்கள். தோட்டத்துப் பக்கமே போக முடியவில்லை. அடுத்த ஞாயிறு போனால், என் நிலத்தின் மேல் பாதி கறுப்பாகக் கிடக்கிறது. மண். சருகெல்லாம் ஒரு மூலையில் குவித்திருக்கிறது, அட்டை கிழித்து அடுக்கியிருக்கிறது, கோடு கோடாக மண் புரட்டியிருக்கிறது. நான் ஊன்றிய பயறு எந்தக் கட்டிக்கு அடியில் போனதோ.

ஆர்தர் தன் துண்டில் இருந்து கையை ஆட்டினார். முதுகைத் தொட்டுக் காட்டி, வலிக்கிறது என்கிற மாதிரி சிரித்தார். மஞ்சள் அட்டைக் குச்சியைப் பார்த்திருக்கிறார், நான் வாரம் முழுக்க வராததையும் பார்த்திருக்கிறார். இவன் நிலம் போய்விடுமே என்று அந்த வயதில் குனிந்து தோண்டியிருக்கிறார். மீதியையும் முடித்துத் தருகிறேன் என்று கையால் காட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாத்தி வாழைக்கா, கரும்புக்கா என்று கேட்க மச்சானுக்கு வாய் இருந்தது. எனக்குத் தமிழிலேயே அந்த வாய் கிடையாது, இங்கிலீஷில் எங்கே போவேன்? உதவி செய்தவரிடம் ஏன் செய்தாய் என்று கேட்க எத்தனை வார்த்தை வேண்டும்! அத்தனையும் தேடிப் பார்த்துவிட்டுக் கடைசியில் வாயில் வந்தது, "தேங்க்யூ, ஆர்தர்."

அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

அன்று மத்தியானமே மழை பிடித்தது. ஆர்தர் சாமான் வைக்கிற கொட்டகை ஓரத்தில் ஒதுங்கி நின்று பார்த்தேன். தோண்டிய பாதியில் இருந்து மண் கலங்கிய தண்ணீர் சரிவில் இறங்கியது. மூடிய பாதியில் சருகு அதைப் பிடித்து வைத்தது, ஓடைப் பக்கம் கலங்கல் வரவில்லை. பார்த்தீர்களா என்று காட்ட அங்கே யாரும் இல்லை. எல்லோரும் மழைக்கு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

6

கமிட்டி வருகிற ஞாயிறன்று சரோஜாவுக்கு ஆஸ்பத்திரி வேலை. கலாதான் வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. காரியதரிசியோடு இரண்டு ஆண்கள். மேல் பாதியைப் பார்த்ததும் மூன்று பேருக்கும் முகம் மலர்ந்தது. ஒருத்தர் குனிந்து மண்ணை உள்ளங்கையில் உதிர்த்துப் பார்த்து, என்னைப் பாராட்டுகிற மாதிரி ஏதோ சொன்னார். ஆர்தர் செய்த வேலைக்கு எனக்குப் பாராட்டு. வாங்கிக்கொண்டேன்.

பிறகு கீழ் பாதிக்கு வந்தார்கள். அங்கே விலக்கிவிட்ட வரிசைகளில் பயறு முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. இடையிடையே நத்தை கடித்த மொட்டைத் தண்டும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர்கள் கண்ணுக்கு முளை தெரியவில்லை, சருகுதான் தெரிந்தது. காரியதரிசி கலாவிடம் கேட்டார். மீதியை இந்த மாதக் கடைசிக்குள் தோண்டுவாரா உன் அப்பா? அவ்வளவு எனக்கும் புரிந்தது.

கலா என் பக்கம் திரும்பினாள்.

"என்னப்பா சொல்லணும்?"

அந்தக் கேள்வியை அவள் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவளே ஏதாவது சொல்லி முடித்துவிடுவாள், அதைச் சொல்லி அவளோடு கோபித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

"தோண்ட மாட்டேன்னு சொல்லு."

"ஷ்யூரா?"

"சொல்லு."

அவள் சொன்னாள். ஒரு வாக்கியத்தோடு நிறுத்தவில்லை. கையைச் சாய்த்துச் சரிவைக் காட்டினாள். ஓடையைக் காட்டினாள். மலை, மழை, ஏலக்காய் எல்லாம் வந்தது. அன்று கொட்டகையில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் ஒரு சொல்லையும் விடாமல் கேட்டிருக்கிறாள். வந்த ஆண்களில் ஒருத்தர், போன வருடம் இதில் என்ன விளைந்தது என்று கேட்டார்; கலா அதை எனக்குத் தமிழில் சொன்னாள். அதை மட்டும் மாற்றிச் சொல்லிவிடு தாயே என்று நினைத்தேன். கண்ணைக்கூடக் காட்டினேன். அவள் நிமிர்ந்து நின்று, ஒன்றும் விளையவில்லை, எல்லாவற்றையும் நத்தை தின்றுவிட்டது, ஏனென்றால் அப்பா சருகை விலக்கவில்லை, இந்த வருடம் விலக்கியிருக்கிறார் என்று பதில் சொன்னாள்; 'நத்திங்', 'ஸ்லக்' என்ற சொற்களிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

பொய் ஒன்று தேவைப்பட்ட அன்று பார்த்து என் மகளுக்கு உண்மை பேச வந்துவிட்டது.

மூவரும் தள்ளிப் போய்ப் பேசிக்கொண்டார்கள். விதியில் மாற்றம் செய்ய அவர்களுக்கு அதிகாரம் இல்லையாம். காத்திருப்போர் நிறையப் பேராம். கடைசியில், தோண்டியிருக்கிற பாதி எனக்கு, தோண்டாத பாதி வேறு ஒருவருக்கு என்று முடிவு சொன்னார்கள். நியாயமாக நடந்துகொண்ட திருப்தியோடு கை கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் மண்ணைத் தொடாமல் பார்த்துக்கொண்ட பாதி போயிற்று. எனக்கு வேண்டாத பாதி எனக்குக் கிடைத்தது.

"ஸாரிப்பா" என்றாள் கலா.

"நான் சொன்னதைத்தானே சொன்ன."

"பின்ன ஏன் மூஞ்சிய அப்படி வச்சிருக்கீங்க?"

சாயங்காலம் வேலை முடிந்து வந்த சரோஜா முழுக் கதையையும் கேட்டாள். "அப்பனும் மகளும் சேந்து நல்லா வாதாடினீக போங்க. இன்னுங் கொஞ்ச நேரம் பேசியிருந்தா மிச்சப் பாதியையும் புடுங்கியிருப்பாக" என்றாள். இட்லிக்குச் சட்னி இல்லை என்றும் சொன்னாள்.

7

கீழ் பாதியைக் காலி செய்ய ஒரு வாரம் கொடுத்திருந்தார்கள். புதிதாக வருகிறவர் நடுவில் கயிறு கட்டிவிட்டார். சனிக்கிழமை காலை நான் சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது கலாவும் வந்தாள். யாரும் அதட்டவில்லை. அவள் அம்மாவின் பழைய பூட்ஸைப் போட்டிருந்தாள்.

முளைத்த பயறை வேரோடு எடுக்கப் பார்த்தேன். பாதி அறுந்துவிட்டது. எடுத்ததை மேல் பாதியில் ஊன்றினோம். ஆர்தர் புரட்டிய மண் மழையில் அடிபட்டு மேலே ஓடு மாதிரி இறுகியிருந்தது, விரலே இறங்கவில்லை. குச்சியால் குத்தித்தான் ஊன்ற முடிந்தது. பிறகு கீழே இருந்த சருகைப் படுதாவில் அள்ளி, ஆளுக்கு ஒரு முனை பிடித்துச் சரிவில் மேலே இழுத்தோம். நாறுகிறது என்றாள். கனக்கிறது என்றாள். ஒரு நத்தை கையில் ஏறியதும் கத்திய கத்தலில் மூன்று தோட்டத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"செடிக்கு ஒட்டிப் போடாத. ஒரு முழம் விடு."

"முழம்னா எவ்ளோ?"

"ஒன் கை. முழங்கையில இருந்து விரல் வரைக்கும்."

அவள் உட்கார்ந்து ஒவ்வொரு செடிக்கும் கையை வைத்து அளந்தாள். அப்படி அளக்கத் தேவையில்லை, கண் அளவில் போட்டால் போதும். அவளை அளக்க விட்டுவிட்டு நான் அடுத்த சருகை அள்ளப் போனேன்.

தோண்டிய மண் பாதிக்கு மேல் மூடியபோது ஆர்தர் வந்தார். தோளில் மண்வெட்டி. தான் முதுகு ஒடியத் தோண்டியதை நாங்கள் மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். ஏதோ தப்பு நடந்துவிட்டது, சரி செய்து தருகிறேன் என்கிற முகத்தோடு மண்வெட்டியை இறக்கிச் சருகில் ஒரு கால் வைத்தார். கலா எழுந்தாள், பேசுவதற்கு. நான் அவள் தோளைத் தொட்டு நிறுத்தினேன்.

"நோ, ஆர்தர்" என்றேன். "ப்ளீஸ். நோ டிக். மை கார்டன்."

இந்த நாட்டில் நான் ஒருவரிடம் சொன்ன முதல் 'நோ' அதுதான் என்று நினைக்கிறேன். ஆர்தர் காலை எடுத்துக்கொண்டார். அவர் முகம் சுருங்கிவிட்டது. நல்ல மனிதர், எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பி 'தேங்க்யூ' சொல்லிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கலாவிடம் ஏதோ முணுமுணுத்தார். அவள் சிரித்துப் பதில் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே தன் வரிசைகளுக்குப் போனார்.

"என்ன சொன்னாரு?"

"இவ்ளோ பிடிவாதக்காரரை நான் பாத்ததே இல்லைன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"வீட்டுல இதவிட மோசம்னு சொன்னேன். படுதாவப் பிடிங்கப்பா, கை வலிக்குது."